மலை ரோட்டுக்கு எத்தனை லேன்?

போன வாரம் எங்கள் ஏற்காட்டு ஏரிக்கரை முக்கில் ஒரு கார் என் பக்கத்தில் வந்து நின்றது. வெளியூர்க் கார். ஓட்டி வந்த தம்பி கண்ணாடியை இறக்கி, மரியாதையாகத்தான் கேட்டார். "பாட்டிம்மா, சேலம் இறங்குற ரோடு சிங்கிள் லேனா, டபுள் லேனா?"

எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. முந்தானையை இழுத்துக்கொண்டு சிரித்து வைத்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பாவம், கிழவிக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்திருப்பார்.

புரிந்தது தம்பி. பதில்தான் பெரிசு. கார் ஜன்னல் பக்கம் நின்று சொல்லி முடிகிற பதிலா அது?

அதனால் இங்கே எழுதுகிறேன். எழுதும்போது எனக்கு வெட்கம் வராது – அது உங்களுக்குத் தெரியும்.

சேலம் போனால் ஐந்து ரோடு சந்திப்பில் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பேன். சிரிக்காதீர்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இல்லையா... அப்படித்தான் இதுவும். ரோட்டு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. அதைப் போட்டவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு பஸ் வந்து நின்றால் ரோடு ஒன்று. பக்கத்தில் ஒரு லாரி மூக்கை நுழைத்தால் இரண்டு. நடுவே ஒரு ஆட்டோ... மூன்று. ஆட்டோவுக்கும் லாரிக்கும் இடையில் கைப்பிடியைச் சாய்த்துக்கொண்டு, பின்னால் கோழிக்கூடை கட்டிய ஒரு மொபெட்... நான்கு! கொஞ்ச தூரம் போனதும் எல்லாம் சுருங்கி மறுபடி ஒன்று.

யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நான் படித்த கணக்கில் ரோட்டின் அகலம் மாறாது. டிரைவர்கள் கணக்கில் அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. எனக்கு அது இன்றைக்கும் அதிசயம்தான்.

சரி, எங்கள் மலை ரோட்டுக்கு வருகிறேன். அதற்கு என் மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகள் ரோஸியை ஆத்தூர்ப் பக்கம் கொடுத்தோம். மாப்பிள்ளை செல்வராஜ் அங்கே பஸ் டிரைவர். நல்ல மனுஷர். கல்யாணத்துக்குப் பிறகு ரோஸிக்கு இங்கே ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. கிடைத்த வேலையை விடவும் மனசில்லை, அவருக்கு அங்கே இருக்கிற ரூட்டை விடவும் வழியில்லை. அவள் மேலே, அவர் கீழே. மாசத்துக்கு ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போவார். பேத்தி ஜெனிக்கு அப்போது பேச்சு வருகிற வயசு. அப்பா வாசலில் வந்து நின்றால், என் சேலைக்குள் ஒளிந்துகொண்டு "மாமா வந்தாச்சு" என்பாள்.

அதைக் கேட்டதும் அவர் ஷூவைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தே இருப்பார்.

போன சீசன் ஆரம்பித்த சமயத்தில், அவருடைய கம்பெனிக்கு ஏற்காடு ரூட்டில் ஒரு டிரைவர் தேவைப்பட்டது. இவர் லைசென்சில் மலை ரோட்டுக்கு முத்திரை வாங்கி வைத்திருந்தார். ஆனால் முத்திரை மட்டும் போதாதே. ஒரு வாரம் செக்கர் ஒருவர் கூடவே வருவார். வாரக் கடைசியில் அவர் சரி என்றால் ரூட்டு. இல்லையென்றால் பழையபடி ஆத்தூர் லைன்.

அந்த வாரம் ஆரம்பிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாப்பிள்ளைதான் பேச்சை ஆரம்பித்தார். உங்க மலை ரோடு எத்தனை லேன் என்று பொதுவாகக் கேட்டார். என் மகன் ஜேம்ஸ் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். அவன் ஒன்றரை என்றான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் – மொபெட் வைத்திருக்கிறார் – தாராளமாக நான்கு போகலாம் என்றார். ரோஸி, மாரமங்கலத்திலிருந்து தலையில் மிளகு மூட்டையோடு நடந்து வருகிறவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு இருக்கிறதே ஓரம் மட்டும்தான் என்றாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜேம்ஸ்தான் கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"மச்சான், உங்கூர்ல ஹாரன் அடிச்சா தள்ளிப் போன்னு அர்த்தம். இங்க, யாராச்சும் இருக்கறீங்களான்னு அர்த்தம். கொண்டை ஊசி பெண்டுக்கு முன்னால ஒரே நீளமா அடிச்சுட்டுக் கைய எடுத்துரோணும். மேல இருந்து பதிலுக்கு ஒரு ஹாரன் வந்தா, வா. ரெண்டு வந்தா, நில்லு. ஒண்ணுமே வரலைன்னா ரோடு உங்களுது."

"ஏனுங்க மச்சான், லாரிக்காரங்கூட ஊட்டு வாசல்ல நின்னு கூப்புடற மாதிரியா பேசோணும்?" என்று மாப்பிள்ளை சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனி என் காலைக் கட்டிக்கொண்டு, "மாமா சிரிக்குது" என்றாள். சிரிப்பு அதோடு நின்றது.

ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது எந்த மலையிலும் உள்ள சட்டம். ஆனால் சில்வர் ஓக் மரத்துண்டுகளை உச்சி வரைக்கும் அடுக்கிக்கொண்டு இறங்குகிற லாரியைச் சரிவில் நிறுத்துவது லேசில்லை. அதனால்தான் அந்த இரண்டு ஹாரன். ‘நான் கனமாக வருகிறேன், நீ நில்.’ எந்தப் போர்டிலும் இது எழுதியில்லை. ஆனால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசி நாள் எனக்குச் சேலத்தில் வேலை. வேலை என்ன வேலை... ஒரு குடம் வாங்கப் போனேன். இங்கே ஏற்காட்டுக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு ரூட்டு கிடைத்தால் மூன்று பேரும் அங்கே குடி போக வேண்டியது. வீட்டுக்காரம்மாவைப் பொறுத்திருக்கச் சொல்லியிருந்தோம். ரூட்டு கிடைக்கும் முன்னே குடம் வாங்குவது சரியா என்று கேட்காதீர்கள். கடையில் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு வண்டி நின்றது. டிரைவர் சீட்டில் மாப்பிள்ளை.

நான் பின்வாசல் வழியாக ஏறி, குடத்தை மடியில் வைத்து, அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமியார் பின்னால் இருந்து பார்க்கிறாள் என்று தெரிந்தால் எந்த மருமகனுக்கும் ஸ்டியரிங் கனக்காதா? செக்கர் முன்னால் இன்ஜின் பக்கம் உட்கார்ந்து, பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டு வந்தார். நல்லது கெட்டது எதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை.

அடிவாரம் தாண்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது – மாப்பிள்ளை இன்னும் ஆத்தூர் ரோட்டில்தான் ஓட்டுகிறார். வண்டி மலையில் ஏறுகிறது, கை கீழேதான் இருக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரனில் வைத்த கையை வளைவு முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. கேள்வி கேட்கிறார், பதில் வர இடம் விடவில்லை. கண்டக்டர் ஒரு தடவை அருகில் போய் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அடுத்த வளைவிலும் அதேதான். பழக்கம் என்பது கையில் இருக்கிறதே, காதிலா இருக்கிறது?

பாதி மலையில் மழை பெய்து விட்டிருந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி எழும்பி ரோட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவு. எங்கள் ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. அந்த அலறலுக்கு அடியில், மேலே எங்கேயோ, குட்டையாக இரண்டு சத்தம் வந்தது மாதிரி எனக்கு இருந்தது. அதற்குள் பஸ் வளைவுக்குள் போய்விட்டது.

திரும்பினால், எதிரே லாரி. கண்ணாடிக்கு நேரே மரத்துண்டுகள்.

இரண்டு வண்டியும் நின்றன. எப்படி நின்றன என்று கேட்டால் ஆண்டவருக்குத்தான் தெரியும். லாரி கிளீனர் குதித்து ஓடி வந்து சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டார். லாரி டிரைவர் தலையை நீட்டி, ரெண்டு குடுத்தனுங்களே, காதுல விழலீங்களா என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

லாரியால் பாரத்தோடு பின்னால் ஏற முடியாது. நாங்கள்தான் இறங்க வேண்டும். கொஞ்சம் கீழே, தண்ணீர்க் குழாய் இருக்கிற இடத்தில் ரோடு அகலம். அதுவரைக்கும் ரிவர்ஸ். ஆனால் எங்கே போக? சீசன் சமயம். பின்னால் வந்த டூரிஸ்ட் கார்கள் பஸ்ஸுக்குப் பின்னே ஒரு வரிசை. வலது பக்கம் காலி இடம் தெரிந்ததும் அங்கே ஒரு வரிசை. அந்த வரிசைக்கும் மலைப் பாறைக்கும் இடையே பைக்குகள். ஐந்து ரோட்டில் பார்த்த அதே அதிசயம்தான், மூடுபனிக்குள். ஒன்றரை ரோடு நான்கு ரோடாகிவிட்டது. நான்கிலும் ஒருவரும் அசைய முடியாது. அத்தனை பேரும் ஹாரன் அடிக்கிறார்கள்.

செக்கர் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். போச்சு. ரூட்டும் போச்சு, வீடும் போச்சு. மடியில் குடம் மட்டும் இருக்கிறது.

அப்போது மாப்பிள்ளை இன்ஜினை அணைத்தார்.

இறங்கிப் போய் ஒவ்வொரு காராக, இன்ஜினை நிறுத்துங்க சார், ஹாரன் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே போனார். ஒருவர், நான் என் லேன்ல நிக்கறேன், நீங்க ஏன் என்னைச் சொல்றீங்க என்றாராம். "நீங்க நிக்கறது லேன் இல்லீங்க சார். அந்த மர லோடு லாரி எறங்கப் போற எடமுங்க" என்று மேலே கையைக் காட்டினார். அந்த மனுஷர் அண்ணாந்து பார்த்தார். சாவியைத் திருப்பிவிட்டார்.

ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. ஒரு காரில் ஓடிக்கொண்டிருந்த டேப்பும் நின்றது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் மலை ரோட்டில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. பூசையில் அப்பம் உயர்த்தும்போது இருக்குமே, அப்படி.

அந்த அமைதியில், கீழே இருந்து ஒரு நீளமான ஹாரன் வந்தது. இன்னொரு பஸ் ஏறி வருகிறது. இங்கே இத்தனை வண்டி சிக்கிக் கிடப்பது அதற்குத் தெரியாது.

மாப்பிள்ளை ஓடி வந்து, தாவி ஏறி, ஹாரனை அமுக்கினார். குட்டையாக ஒன்று. இன்னொன்று. கையை எடுத்தார்.

கீழே அந்த பஸ் நின்றது. இன்ஜின் இரைச்சல் அங்கேயே தங்கிவிட்டது. பிறகு, நான் சொல்வதை நம்புங்கள், அந்த பஸ் தனக்குக் கீழே வருகிறவர்களுக்காக இரண்டு அடித்தது. அதற்கும் கீழே யாரோ ஒருவர் இரண்டு. அதற்கும் கீழே... சின்னதாக, இன்னும் சின்னதாக, வளைவுக்கு வளைவு அந்த ‘நில்’ மலையை விட்டு இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மூடுபனியில் தன் வண்டியின் மூக்கே தெரியாது. ஆனால் ஏறி வந்துகொண்டிருந்த அத்தனை பேருக்கும் ரோடு இப்போது எத்தனை என்று தெரிந்துவிட்டது.

பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தேன். ஆனால் அன்றைக்குத்தான் அதை முழுசாகக் கேட்டேன்.

பிறகு கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் இறங்கி, குழாயைத் தாண்டி ஒரே வரிசையாக ஓரம் கட்டின. எங்களையும் இறங்கச் சொன்னார்கள். புதுக் குடத்தை விட்டுவிட்டு இறங்க மனசு வரவில்லை. கையோடு எடுத்துக்கொண்டேன்.

இப்போது பஸ். கண்டக்டர் பின்னால் நின்று விசில் கொடுத்தார். ஆனால் இடது பக்கம் பள்ளம். ஓரத்தில் வரிசையாக வெள்ளையடித்த கல். வெள்ளைக் கல், வெள்ளைப் பனி – டிரைவருக்குக் கண்ணாடியில் என்ன தெரியும்? யாராவது ஓரத்தில் நின்றால் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள்.

நான் போய் ஒரு கல்லை ஒட்டி நின்று, குடத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். சிவப்பு தெரியும் இல்லையா? முகமும் மறைந்துவிட்டது. எனக்கு இரண்டும் வசதி.

பஸ் மெள்ளப் பின்னால் வந்தது. ஜன்னலிலிருந்து மாப்பிள்ளை குரல் கேட்டது. "ஏனுங்க, செவப்புக் கொடம் புடிச்சிருக்கறவங்க... நொம்பப் புண்ணியமாப் போவுது, அந்தக் கல்லுலயே நில்லுங்க, நவுராதீங்க."

நான் நகரவில்லை. பேசவும் இல்லை. பின்சக்கரம் என்னைத் தாண்டிப் போயிற்று. குடத்துக்கு ஓரமாக எட்டிப் பார்த்தேன். நான் நின்ற கல்லுக்கு அடுத்த கல் அங்கே இல்லை. எந்த மழையிலோ பெயர்ந்து போயிருக்கிறது. ரோட்டு ஓரம் அரித்துக் குழியாகிக் கிடக்கிறது. சக்கரம் அதை நோக்கி வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. விசில் இன்னும் ‘வா வா’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"மாப்ள, நிறுத்துங்க!"

என் குரல்தான். நானே திடுக்கிட்டேன். அந்த மலையே கேட்டிருக்கும். கையிலிருந்த குடம் நழுவி, கல்லில் மோதி, பள்ளத்தில் துள்ளித் துள்ளிப் போயிற்று.

பஸ் நின்றது. சக்கரத்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு கை வைக்கலாம், அவ்வளவுதான். ஜன்னலில் மாப்பிள்ளை முகம் தெரிந்தது. நான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். குடமும் இல்லையே.

அவர் கொஞ்சம் முன்னால் எடுத்து, ஒடித்து, நான் கை காட்டக் காட்டப் பின்னால் வந்தார். ஆமாம், கை காட்டினேன். குழாயடியில் பஸ் ஒதுங்கியதும் மேலே பார்த்து ஒரு ஹாரன் கொடுத்தார். ஒன்றே ஒன்று. ‘வா.’ கிளீனர் கட்டையை உருவினார். லாரி அசைந்து இறங்கியது. மரத்துண்டுகளின் முனைகள் பஸ் ஜன்னல்களை எண்ணுவது போல ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஒன்றிலும் உரசவில்லை. லாரி டிரைவர் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

மிச்ச மலை முழுக்க, ஒவ்வொரு வளைவிலும், ஒரு நீள ஹாரன். பிறகு அமைதி. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்காகக் காது கொடுத்தோம்.

ஏற்காட்டில் இறங்கினேன். மாப்பிள்ளை சீட்டை விட்டு எழவில்லை. சொந்தக்காரி வண்டியில் வந்ததுகூட மாப்பிள்ளை கணக்கில் தப்பாகப் போகுமோ என்று எனக்குப் பயம் வேறு. செக்கர் நேரே என்னிடம் வந்தார்.

"ஏனுங்கம்மா, கொடம் போச்சுங்களே?"

போகட்டுங்க என்றேன். அது வெளியில் கேட்டதா என்று தெரியாது.

"அதெப்படிங்க போகட்டும். திங்கக்கெழம சேலத்துல இருந்து வண்டி எடுத்துட்டு வரையில, உங்க மாப்பிள்ளைய வேற ஒண்ணு வாங்கியாரச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாப்பிள்ளைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இப்போது அவர்கள் கடைவீதிக்குப் பின்னால் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். புதுக்குடமும் சிவப்புதான். மாப்பிள்ளை என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். நான் இன்னும் அவர் முன்னால் உட்காருவதில்லை. ஆனால் இரண்டு வார்த்தை பேசுகிறோம் – ரோட்டைப் பற்றி.

ஆக, ஏரிக்கரையில் கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். கீழ் ரோட்டில் எத்தனை லேன் என்பதைக் கண் சொல்லும். எங்கள் ரோட்டில் அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் கையை எடுங்கள். உங்களுக்கும் யாராவது சொல்வார்கள்.

சாயங்காலம் அவருடைய வண்டி ஊருக்குள் திரும்புகிற வளைவில் ஒரு நீள ஹாரன் கேட்கும். பிறகு அமைதி. வாசலில் விளையாடிக்கொண்டிருக்கிற ஜெனி உடனே நிமிர்ந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, "பாம்" என்பாள்.

ஒரே ஒரு தடவை.